வாசகர் கேள்வி – பதில்: எட்டு இடங்களும் மூன்று நாட்களும்

கேள்வி: பள்ளி விடுமுறையில் மூன்று நாட்கள் பினாங்கில் தங்க இருக்கிறோம். முழங்கால் வலியுள்ள 72 வயது மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். கொடிமலை (பினாங்கு ஹில்), தண்ணீர்மலை, தாவரவியல் பூங்கா, கெக் லோக் சி புத்த ஆலயம், பாம்புக் கோயில், மகா மாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், பத்து பெரிங்கி கடற்கரை என எட்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– செந்தூல் வாசகி

பதில்: எட்டில் நான்கை அடித்துவிட்டுத் தொடங்குங்கள். பாம்புக் கோயிலும் கெக் லோக் சியும் இம்முறை வேண்டாம். தண்ணீர்மலையில் முருகனைக் காண 500க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும் என்பதால், அதையும் அதன் அருகிலுள்ள பூங்காவையும் மாமியாரின் முழங்காலை எண்ணி விட்டுவிடலாம்.

கொடிமலைக்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில், பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறித்தான் உச்சிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் தலைமுறையினருக்கு நினைவிருக்கும். 2011 முதல் ஓடும் புதிய பெட்டிகள் சில நிமிடங்களில் நேராக மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. ஆகவே இன்று நேரத்தை விழுங்குவது பயணமன்று, வரிசைதான். ஒரு டிசம்பரில் என் தாயாரை அழைத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு மணி நேரம் நின்று, உச்சிக்குப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘உட்கார இடம் எங்கேடா?’ என்பதுதான். அது முழுக்க என் பிழை. நீங்கள் காலைப் பசியாறுவதற்கு முன்பே அடிவார நிலையத்தில் இருங்கள். உச்சியில் அருளொளித் திருமுருகன் ஆலயமும் அதை ஒட்டியே ஒரு பள்ளிவாசலும் உள்ளன. தண்ணீர்மலையில் காண முடியாத முருகனை மாமியார் அங்கே கண்டுகொள்ளட்டும். மேகம் விலகினால் பினாங்குப் பாலமும் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தும் கால்மாட்டில் கிடப்பதுபோல் தெரியும். விலகாவிட்டால் அரை மணி காத்திருங்கள், வேறு இடத்துக்கு ஓட வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லையே.

அடுத்த நாளை மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலைக்கு ஒதுக்குங்கள். இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொஹிதீன் 1801-இல் நிறுவிய பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் ஆலயம், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம் எல்லாமே நடந்து போகும் தொலைவில் உள்ளன. மாரியம்மன் ஆலயத்தின் முகப்பு மட்டும் அடுத்த தெருவான லெபோ குவீனில் இருக்கிறது. பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாசல் எங்கே என்று தேடாதீர்கள். மூன்றாம் நாள் கடற்கரை. அதைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: இளவயதில் அப்பாவின் காரிலேயே அமர்ந்து ஃபெரியில் பினாங்குக்குப் போயிருக்கிறேன். அதே அனுபவத்தை என் பிள்ளைகளுக்கும் கொடுக்க விரும்புகிறேன். முடியுமா?
– ரவாங் வாசகர்

பதில்: காரோடு முடியாது. பழைய ஈரடுக்குக் கப்பல்கள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு விடைபெற்றன. இப்போதுள்ள ஃபெரிகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. சக்கரம் இரும்புப் பலகையில் ஏறும்போது எழும் ‘தடதட’ ஓசையும், கீழ்த்தட்டு டீசல் நெடியும், காரை விட்டு இறங்கி மேல்தட்டுக்கு ஓடும் பரபரப்பும் உங்களோடு நின்றுவிட்டன என்பதை நானும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் காரை வீட்டில் விட்டுவிட்டு, கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் மின்ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்கினால், துறைமுகம் நடை தூரந்தான். பயணச்சீட்டு இரண்டு வெள்ளி (ரிங்கிட்). பாலத்தின் வழியாக வருகிறவர்களுக்குப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் பக்கவாட்டில் தோன்றும். கடல் வழியே வருகிறவர்களை நோக்கித்தான் அந்த நகரம் எதிர்கொண்டு வரும்.

கேள்வி: நாசி கண்டாருக்கு எந்தக் கடை சிறந்தது?
– பத்துமலை வாசகர்

பதில்: கடையின் பெயரை எழுதினால் மற்றக் கடைக்காரர்கள் எனக்குச் சோறு போட மாட்டார்கள். நாசி என்றால் சோறு, கண்டார் என்பது காவுத்தடியைக் குறிக்கும். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் கறியையும் தடியின் இரு முனைகளில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர். குழம்புகளைத் தனித்தனியே கேட்காதீர்கள். ‘பஞ்ஜிர்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் கலந்து சோறு மூழ்கிவிடும்.

கேள்வி: கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பூஜாங் பள்ளத்தாக்கில் அவர்கள் பார்க்க என்ன இருக்கிறது?
– கிள்ளான் வாசகி

பதில்: தஞ்சைக் கோபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், ஜெராய் மலையடிவாரத்து மெர்போக்கில், 1980-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி எனப்படும் கோயிலின் கருங்கல் அடித்தளத்தைக் காணலாம். ஆய்வாளர்கள் அதன் பகுதிகளை விமானம், மண்டபம் என்று நாம் அறிந்த சொற்களாலேயே குறிக்கிறார்கள். மண்டபத்துத் தரையில் வரிசையாக நிற்கும் கல் பீடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவற்றின்மேல் நின்ற மரத்தூண்கள்தாம் கூரையைத் தாங்கின. மரம் மக்கிப்போனது, கல் நிற்கிறது. மேலே என்ன இருந்திருக்கும் என்று அவர்களையே படம் வரையச் சொன்னால், தஞ்சைக் கோபுரத்தில் கிடைக்காத ஒரு வேலை கிடைக்கும்.

1025-இல் கப்பற்படையை அனுப்பி வென்று ‘கடாரங்கொண்டான்’ என்று பட்டம் சூடிய இராஜேந்திர சோழனின் கதையையும் சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இங்கே கோயில் எழுப்பியவர்கள் படையோடு வந்தவர்கள் மட்டுமல்லர், வணிகமும் இரும்பும் செழித்த இந்த மண்ணில் வாழ்ந்தவர்களும்கூட. இதே பள்ளத்தாக்கில் ஒரு பழங்கோயிலின் எச்சம் வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது 2013-இல் தெரியவந்து நாடே அதிர்ந்தது. எனவே இன்னும் நிற்பதைத் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். வெயில் ஏறுமுன் போய்ச் சேர்வது நல்லது. கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடை ஓடுவதால், மாற்றுடை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.