6ஆம், 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கம்ப்யூட்டர், பட்ஜெட் 25,000: புது லேப்டாப் வாங்கலாமா?

வாங்காதீர்கள். இரண்டு பிள்ளைகள், கையில் 25,000 ரூபாய், ஆன்லைனில் அந்த விலைக்கு ஒரு புது லேப்டாப்பைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசுக்கு ஏதாவது ஒரு ஐடி கம்பெனியில் சில வருஷம் ஓடி, லீஸ் முடிந்து வெளியே வந்த ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி ஹாலில் வையுங்கள். மிச்சம் பிடிக்கிற காசில் யுபிஎஸ்ஸும் வந்துவிடும்.

இப்படிச் சொன்னதும் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "பிள்ளைகளுக்கு வாங்குறதையாவது புதுசா வாங்கக் கூடாதா" என்பார்கள். என் வீட்டிலும் அதேதான். போதாக்குறைக்கு என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு காதுகுத்து வீட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும், "என்ன மாமா, பழைய சாமானைப் போய்ப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கீங்க, நான் ஒண்ணு இஎம்ஐல எடுத்துத் தரட்டுமா" என்று கேட்டான். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் பார்த்த லேப்டாப். லிங்க் கொடுக்கவில்லை என்றாலும் அந்த விலையில் என்ன வரும் என்று தெரியும். பெரும்பாலும் செலரான் என்ற இன்டெல்லின் அடிமட்டப் பிராசஸர், மதர்போர்டிலேயே ஒட்டிய 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (ஃபைல்களைச் சேமிக்கும் மெதுவான சிப்). மைக்ரோசாப்ட் விண்டோஸ் 11க்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். 35 மார்க் வாங்கிப் பாஸ் ஆன மாதிரி. வாங்கிய அன்று பளபளவென்று இருக்கும். பிரவுசரில் நாலு டேப், ஒரு வீடியோ வகுப்பு, பின்னணியில் ஓர் அப்டேட் என்று சேர்ந்ததும் திணற ஆரம்பிக்கும். ராம் ஒட்டியே இருப்பதால் கூட்டவும் முடியாது, இஎம்எம்சியைக் கழற்றி மாற்றவும் முடியாது. அதாவது கெட்டுப்போகாமலே பயன்படாமல் போகும் பொருள்.

நான் வாங்கியது ரிச்சி ஸ்ட்ரீட்டில். சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் சந்தை. தெருவில் கால் வைத்ததும் "சார் லேப்டாப்பா, சிசிடிவியா, சர்வீஸா" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வருவார்கள். அவர்களை விட்டுவிட்டு மாடிக் கடைகளைப் பாருங்கள். ஆபீஸ் டெஸ்க்டாப் பெட்டிகள் அடுக்கடுக்காக அங்கேதான் இருக்கும்.

நான் போன கடையில் ஒரு பையன் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து, "ஐ5 சார், ராக்கெட்" என்றான். மானிட்டரில் போட்டுக் காட்டச் சொன்னேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைப் பார்த்தால் ஐ5-4590 என்று இருந்தது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்ற இன்டெல் பிராசஸர் பெயர்களில் ஒன்றும் இல்லை, கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணில்தான் வயசு இருக்கிறது. 4590 என்றால் நான்காம் தலைமுறை, 2014 சரக்கு. 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொள்வது, இன்டெல் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு இலவச ஆதரவை நிறுத்திவிட்டதால், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டிகளை எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். "இதுவும் ஐ5தானே சார்" என்றான் பையன். நான் எழுந்ததும் கல்லாவில் இருந்தவர், "சார் வெவரமா வந்திருக்காரு, உள்ளேர்ந்து எய்த் ஜென் எட்றா" என்று குரல் கொடுத்தார். எய்த் ஜென். அந்த ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், பாதி வேலை முடிந்தது.

உள்ளேயிருந்து வந்தது டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ. கிட்டத்தட்ட ஒரு கைடு புத்தகம் அளவு, அவ்வளவுதான். ஹெச்பியிலும் லெனோவாவிலும் இதே அளவில் மினி, டைனி என்ற பெயர்களில் இருக்கின்றன, எதுவானாலும் சரி. பின்பக்கத் திருகைக் கையாலேயே திருகி மூடியைக் கழற்றச் சொன்னேன். ஃபேன் இறக்கையில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது, பையன் ப்ளோயரால் ஊதிவிட்டான். ராமுக்கு இரண்டு ஸ்லாட், ஒன்றில் 8 ஜிபி, இன்னொன்று காலி. காலி ஸ்லாட்தான் நமக்கு வேண்டியது. பென் டிரைவில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டுபோயிருந்தேன். எஸ்எஸ்டியின் (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்) ஆரோக்கியம் எத்தனை சதவீதம், இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அது சொல்லிவிடும். கடைக்காரர்கள் இதைப் பார்த்துக் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பெட்டியை ஆன் செய்ததும் கடிகாரம் பல வருஷத்துக்கு முந்தைய தேதியைக் காட்டியது. எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் வந்துகொண்டே இருந்தது. வேறு யாராவது இருந்தால் பெட்டியே போச்சு என்று எழுந்திருப்பார்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். மாற்றியதும் சரியாகிவிட்டது.

விண்டோஸ் ஆக்டிவேஷன் பக்கத்தையும் பாருங்கள். ஆபீஸ் பெட்டிகளில் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தே வரும், 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று காட்டும். "நாங்க ஆக்டிவேட்டர் போட்டுத் தர்றோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓட்டும் திருட்டு மென்பொருள். அதில் என்ன வைரஸ் கூட வருமோ, அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் நெட் பேங்கிங்கும் திறப்பீர்கள்.

விலை: பெட்டி 12,500, பழைய 22 இன்ச் மானிட்டர் 3,500, கீபோர்டு மவுஸ் 800, வைஃபை டாங்கிள் 500, ஸ்பீக்கர் 400, யுபிஎஸ் 3,000. மொத்தம் 20,700. வைஃபை டாங்கிள் எதற்கு என்றால், ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கார்டே இருக்காது, கம்பெனிகள் கேபிளில் ஓட்டியவை. மானிட்டர் கேபிளும் அப்படித்தான். சில பெட்டிகளில் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருக்கும், ஹெச்டிஎம்ஐ இருக்காது. கடையிலேயே இணைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இது நான் வாங்கியபோது இருந்த விலை. இப்போது ஏஐ டேட்டா சென்டர்கள் புண்ணியத்தில் ராம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் 16 ஜிபியை உடனே போட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 8 ஜிபி போதும்.

ஏன் ஹாலில் என்று கேட்பீர்கள். லேப்டாப் என்றால் அது கட்டிலுக்குப் போகும், போர்வைக்குள் போகும், கதவு சாத்திக்கொள்ளும். டெஸ்க்டாப் எங்கேயும் போகாது. என் பிள்ளைகள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை, யூடியூப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நான் பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இருவருக்கும் தனித்தனிக் கணக்கு, அட்மின் உரிமை என்னிடம் மட்டும். ஒரு பெட்டியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதால் சண்டை வரும், வரட்டும்.

பெரியவள் இப்போது தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் தட்டச்சு செய்கிறாள். இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய்வரிசை. 1999இல் தமிழக அரசே ஏற்றுக்கொண்ட அமைப்பு, விண்டோஸில் 2019 முதல் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் தமிழையும் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பழகிய என் மச்சானுக்கு அவள் கட்டுரை அடிக்கிற வேகத்தைக் காட்டினேன். பேசாமல் காபியைக் குடித்தான்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். "கம்ப்யூட்டர் வாங்கிட்டீங்களே, கூடவே பிரிண்டரும் வாங்கிடுங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். எதற்கு? பள்ளிக்கூடத்து ப்ராஜெக்டுக்கு. இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும்: நாளைக்கு 'சூரியக் குடும்பம்', கலர் படங்களோடு, சார்ட்டில் ஒட்டி. பிள்ளைக்கு அதில் என்ன வேலை? படத்தைத் தேடுவது அப்பா, வெட்டுவது அம்மா, ஒட்டுவது பாட்டி. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், எல்லாப் பள்ளியும்தான். இங்க்ஜெட் வாங்கி ஒரு மாசம் சும்மா வைத்தால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும், சரிசெய்கிற செலவுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பத்து வருஷத்துக்குப் பிரிண்ட் எடுக்கலாம். புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது 2006இல். எங்கள் சார்ட்டில் எட்டுக் கோள்தான் இருந்தது, ஒன்பதாவது எங்கே என்று கேட்டு மார்க் குறைத்தார்கள். அதைப் பற்றி நான் போய்ப் பேசி, அது வேறு கதை.

சரி, சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு. கேம் விளையாட இது ஆகாது, கிராபிக்ஸ் கார்டு கிடையாது, எனக்குத் தெரியும். இன்ஜினியரிங் சேரும் பிள்ளைக்கு லேப்டாப்தான் வேண்டும், அதுவும் தெரியும். கேள்வி ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும். "செகண்ட் ஹேண்டுக்கு என்ன கியாரண்டி" என்பவர்கள், கடையில் பில்லோடு ஆறு மாசமாவது எழுதி வாங்குங்கள். பில் இல்லை என்றால் பேரமே வேண்டாம். நான் எந்தக் கடைக்கும் ஏஜெண்ட் இல்லை, அதனால்தான் கடைப் பெயரை எழுதவில்லை.

இடம் இல்லை, லேப்டாப்தான் வேண்டும் என்றால், அதிலும் பழைய ஆபீஸ் லேப்டாப்பே பாருங்கள், எட்டாம் தலைமுறை என்ற விதி அதற்கும் உண்டு. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்டில் பாருங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு கிடக்கிறதா என்று அங்கேயே உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

இன்னொன்று, எதையும் வாங்கும் முன் பரணில் பாருங்கள். 2011இல் தொடங்கி தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் ஏதாவது உறவுக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். என் அக்கா மகளுடையது அப்படித்தான் கிடந்தது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், பிள்ளைகள் படம் வரைய டக்ஸ் பெயின்ட் போட்டுக் கொடுத்தோம். அவள் பிள்ளை இப்போது அதில் படம் வரைகிறான். ஒன்பதாவதுக்கு அது போதாது, ஆறாவதுக்குப் போதும். அப்படி ஒன்று கிடைத்தால் ஹால் சண்டையும் பாதி தீரும்.

கடைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு பிராசஸர் எண்ணையும் விலையையும் கமெண்டில் போடுங்கள். வாங்கலாமா என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பாதிக் கடை பூட்டியிருக்கும்.