பி.எல். 480: தானமா, விலையா?

மதிப்பிற்குரிய ஐயா,

அறுபதுகளில் அமெரிக்கா நமக்குக் கோதுமையைத் தானமாகக் கொடுத்தது என்றே என் தந்தையார் சொல்வார். ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கிய அந்தக் கோதுமையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு கூச்சம் இருக்கும். தாங்களோ அதை ‘வாங்கினோம்’ என்றும், அதை வைத்தே அமெரிக்கா நம்மை மிரட்டியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கியவனை விற்றவன் எப்படி மிரட்ட முடியும்?

வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வாங்கினோம் என்பது சரிதான். ஆனால் டாலரில் அல்ல, ரூபாயில். அமெரிக்கா 1954இல் இயற்றிய பொதுச் சட்டம் 480 (சுருக்கமாக பி.எல். 480), அங்கே உபரியாகத் தேங்கிக் கிடந்த தானியத்தை, அந்நியச் செலாவணி இல்லாத நாடுகளுக்கு அவரவர் நாணயத்திலேயே விற்க வழிசெய்தது. இந்தியா 1956இல் முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. நாம் கொடுத்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் சேர்ந்தது. தூதரகச் செலவு போன்றவை போக, பெரும்பகுதி கடனாகவும் மானியமாகவும் நமக்கே திரும்பியது. அப்படியும் பணம் குவிந்துகொண்டே போனதால், 1974இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் சுமார் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு காசோலை எழுதி நம் அரசிடமே கொடுத்தார். ஆகவே உங்கள் தந்தையார் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு.

மிரட்டல் விலையில் இல்லை, தானியத்தைத் தவணை தவணையாக அனுமதித்ததில் இருந்தது. 1960இல் கையெழுத்தான ஒப்பந்தம், நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் தருவதாக இருந்தது. 1965 நடுவில் அப்போதைய ஒப்பந்தம் முடிந்தபோது, அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு மறுத்து, ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் அளந்து அனுமதிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு பார்த்து மழை பொய்த்தது. 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய கோதுமை பம்பாய் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வாஷிங்டனில் ஒரு கையெழுத்து தள்ளிப்போனால், அதன் விளைவு இங்கே ரேஷன் அட்டையில் தெரிந்தது.

பேச்சுவார்த்தையின் முக்கியமான கட்டம் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியத்தின் கையில் இருந்தது. உணவு அமைச்சராக இருந்த அவர், 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து, அமெரிக்கா விதித்த நிபந்தனைப்படி உரத்துக்கும் விவசாய முதலீட்டுக்கும் இந்தியா கூடுதலாகச் செலவிடும் என்று உடன்பாடு செய்துகொண்டார். அந்த உடன்பாட்டை வெளியிடாமல், அதன் சாரத்தை அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் நம் அரசின் கொள்கையாக அறிவித்தார். இதைச் சரணாகதி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் ஒத்துக்கொண்டவை, டெல்லியில் சக அமைச்சர்களின் தயக்கத்தை எதிர்த்து அவரே ஏற்கெனவே வாதாடிக்கொண்டிருந்தவை. வெளியார் நெருக்கடியை அவர் உள்வீட்டு வழக்குக்குச் சாட்சியாக்கிக்கொண்டார் என்பதே என் கணிப்பு.

ஆனால் விவசாயத்தோடு நிபந்தனை நிற்கவில்லை. 1966 ஜூலையில் இந்திரா காந்தி மாஸ்கோ சென்றபோது வெளியான கூட்டறிக்கை வியட்நாம் குண்டுவீச்சைக் கண்டித்தது; ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அனுமதிகள் மறுபடி இழுத்தடிக்கப்பட்டன. அதே 1966இல்தான் நம் தானிய இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தாண்டியது.

தந்தையார் வரிசையில் நின்றது எந்த ஆண்டு என்று கேட்டு எழுதுங்கள். 1966 என்றால், அவருடைய கூச்சத்தில் பாதியை அன்றைய அமைச்சரவையும் சுமந்துகொண்டிருந்தது என்று அவரிடம் சொல்லலாம்.

அன்புடன்.