பெம்ப்ரோக்‌ஷர் கடலோர நடை: கேட்டவங்களுக்கு என் பதில்

வேல்ஸோட மேக்கு மூலையில இருக்கற பெம்ப்ரோக்‌ஷர் கோஸ்ட் நேஷனல் பார்க்ல கைடு யாரும் இல்லாம நாமளே நடக்கறத பத்தி கேளுங்கன்னு சொன்னேன், இவ்ளோ பேர் கேப்பீங்கன்னு நினைக்கல. நான் ஸ்வான்சீல இருக்கேன். லீவு கிடைக்கறப்பல்லாம் போயி ஆறு வருஷத்துல துண்டு துண்டா அங்க இருக்கற கடலோரப் பாதை 186 மைலையும் நடந்து முடிச்சேன், என் தகுதி அவ்ளோதான்.

அக்கா, லண்டன்லேர்ந்து நாங்க நாலு பேர் வர்றோம், மூணு நாள் கையில இருக்கு. தினம் 15 மைல்னு ப்ளான். எல்லாரும் ஜிம் போறவங்கதான். ஓகேவா?

15 மைல மொதல்ல அடிச்சிட்டு 7னு எழுதுங்க. இந்தப் பாதை கடலோரமா நேரா போற ரோடு கிடையாது, ஒவ்வொரு சின்னக் குடாவுக்கும் கடல் மட்டம் வரைக்கும் இறங்கி மறுபடி மலை உச்சிக்கு ஏறும், அரை மணி கழிச்சு திரும்ப அதே கதை. மொத்தப் பாதைக்கும் ஏத்தம் இறக்கம் சேர்த்து 35,000 அடின்னு கணக்கு சொல்லுவாங்க. ட்ரெட்மில்ல ஓடற காலுக்கு ஏத்தம் பிரச்சனை இல்ல, இறக்கத்துலதான் முட்டி பேச ஆரம்பிக்கும். மணிக்கு ரெண்டு மைல்னு வெச்சுக்குங்க, போட்டோ எடுக்கற ஆள் கூட இருந்தா அதுவும் கஷ்டம்.

லண்டன்லேர்ந்து கார்ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால மொத நாள் மதியம் செயின்ட் டேவிட்ஸ் போயி சேர்ந்துட்டு வைட்சாண்ட்ஸ் பீச்ல காரை போட்டு செயின்ட் டேவிட்ஸ் ஹெட்ங்கற கடல் முனைய சுத்தி வாங்க, நாலு மைல் கிட்ட வரும். வழியில கொய்டன் ஆர்தர்னு கற்காலத்துக் கல்லறை ஒண்ணு இருக்கு, பெரிய பாறைப் பலகைய சின்னக் கல்லு ஒண்ணு தாங்கிட்டு நிக்கும். தெம்பு இருந்தா பக்கத்துல கார்ன் லிடி குன்று, 181 மீட்டர்தான், வானம் தெளிவா இருந்தா அயர்லாந்து மலை தெரியும். எனக்கு நாலு தடவைல ஒரு தடவை தெரிஞ்சுது. ரெண்டாம் நாள் சோல்வாலேர்ந்து செயின்ட் டேவிட்ஸ். மூணாம் நாள் தெக்க ஸ்டாக்போல் பக்கம்.

வடக்கு முனைல செயின்ட் டாக்மெல்ஸ்லேர்ந்து நியூபோர்ட் வரைக்கும் உள்ள துண்டை மட்டும் இந்த ட்ரிப்ல தொடாதீங்க. கெமைஸ் ஹெட்ல 175 மீட்டர் உயரத்துக்குப் போகும், பாதையிலயே உசரமான இடம் அதான், நடுவுல கடை கண்ணி எதுவும் கிடையாது. ரொம்ப அழகு, ஆனா அது அடுத்த வருஷத்துக்கு.

ஒரே காரா வர்றோம். ஒரு பக்கமா நடந்து போனா திரும்பி வர்றது எப்படி? அதே வழில திரும்பணுமா?

வேண்டாம், பஸ் இருக்கு. ஆனா எல்லாரும் பண்ற தப்பு, மொதல்ல நடந்துட்டு அப்புறம் பஸ் புடிக்கலாம்னு நினைக்கறது. கடைசி பஸ்ஸுக்காக செங்குத்தான படில ஓடறது என்ன சுகம்? தலைகீழா பண்ணுங்க. காரை நடை முடியற இடத்துல போடுங்க, பஸ் ஏறி தள்ளிப் போயி இறங்குங்க, அங்கேர்ந்து காரை நோக்கி நடங்க. அப்ப லேட்டானாலும் கவலை இல்ல, கார் எங்கயும் போகாது. சோல்வா நடைக்கு நான் அப்படித்தான் பண்ணுவேன், கார் செயின்ட் டேவிட்ஸ்ல, பஸ் சோல்வாவுக்கு, அப்புறம் கேர்ஃபை வழியா நடந்து ஊருக்குள்ள ஐஸ்க்ரீம். கரையோர பஸ்ஸுங்களுக்கு பஃபின் ஷட்டில், ஸ்ட்ரம்பிள் ஷட்டில்னு செல்லப் பேரெல்லாம் உண்டு, ஸ்டாப் இல்லாத இடத்துலயும் பத்திரமா நிக்க எடம் இருந்தா கையக் காட்டினா நிறுத்துவாங்க, நம்ம ஊர் மினி பஸ் மாதிரி. குளிர்காலத்துல குறைஞ்சிடும், கிளம்பறதுக்கு முந்தின நாள் டைம் பாத்துக்குங்க.

அக்கா, நாங்கள் ஹரோவில இருந்து வாறம். அம்மாவும் வாறா, முழங்கால் வருத்தம், ஏறி இறங்க ஏலாது. அவவும் நடக்கக்கூடிய மாதிரி ஒரு இடம் சொல்லுவீங்களோ?

கட்டாயம் இருக்கு. சாண்டர்ஸ்ஃபுட்லேர்ந்து வைஸ்மன்ஸ் பிரிட்ஜ் வரைக்கும் ஒரு மைல். அந்தக் காலத்துல நிலக்கரி இழுத்துட்டுப் போன சின்ன ரயில் பாதை அது, அதனால சமதளம், மலையக் குடைஞ்ச சுரங்கத்துக்குள்ள பூந்து பூந்து வெளிய வருவீங்க, ஒரு பக்கம் கடல். அம்மாவுக்கு புடிக்கும். இன்னொண்ணு போஷர்ஸ்டன் அல்லிக் குளம். ஜூன் வாக்குல போனா தண்ணி தெரியாத அளவுக்கு அல்லி பூத்துக் கிடக்கும், எங்க பாட்டி வந்தப்ப அங்க இருக்கற பாலத்துல நின்னுக்கிட்டு வரவே மாட்டேன்னுட்டாங்க. பாரஃபண்டில் பீச் பேரழகுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா ஸ்டாக்போல் கீ கார் பார்க்லேர்ந்து அரை மைல் நடக்கணும், படி இருக்கு, கீழ டாய்லெட் கிடையாது. அம்மாவ அங்க கூட்டிட்டுப் போகாதீங்க.

டைட் டேபிள் (கடல் ஏறி இறங்கற நேர அட்டவணை) பாக்கணும்னு எல்லா வெப்சைட்லயும் போட்டிருக்கே, நாங்க பீச்ல குளிக்கப் போறதில்ல, மேல நடக்கத்தான் போறோம். அப்பவும் பாக்கணுமா?

பாக்கணும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க. நான் நாகப்பட்டினத்துக்காரி, கடல் பக்கத்துலயே வளர்ந்தவ, அந்தப் பழக்கமே இங்க என்னை ஏமாத்திச்சு. நம்ம சோழ மண்டலக் கரையில கடல் ஏறி இறங்கறது மிஞ்சிப் போனா ஒரு மீட்டர் சுத்தி. காலைல செருப்பு விட்ட எடம் சாயங்காலமும் ஏறக்குறைய அங்கயே இருக்கும். இங்க அமாவாசை பௌர்ணமிய ஒட்டி ஆறு மீட்டருக்கு மேல ஏறி இறங்கும், ரெண்டு மாடி உசரம்! காலைல ஃபுட்பால் ஆடற அளவுக்கு மணல், மத்தியானம் அதே எடத்துல அலை பாறைல அடிச்சிக்கிட்டு இருக்கும். மார்லோஸ் சாண்ட்ஸ் மாதிரி நீளமான பீச்ல அந்தக் கோடிக்கு ஜாலியா நடந்து போயி திரும்பிப் பாத்தா வந்த வழி இருக்காது, பின்னாடி செங்குத்துப் பாறை. கடல் இறங்கிக்கிட்டு இருக்கறப்ப போங்க, ஏற ஆரம்பிச்சதும் திரும்பிடுங்க.

மேல மட்டும் நடக்கறவங்களுக்கும் ரெண்டு எடத்துல பாதையே தண்ணிக்குள்ள போகும். டேல் ஊர் பக்கத்துல கேன் (Gann)ங்கற கழிமுகம், அப்புறம் சாண்டி ஹேவன். கடல் நல்லா வத்தின நேரத்துல மட்டும்தான் குறுக்க போக முடியும், சாண்டி ஹேவன்ல லோ டைடுக்கு முன்ன பின்ன ரெண்டரை மணி நேரம்னு சொல்லுவாங்க. விட்டா சுத்திப் போகணும், சாண்டி ஹேவனுக்கு நாலு மைல் எக்ஸ்ட்ரா, அதுவும் ரோட்டோரம்.

இதுல இன்னொரு பொறி. சில டைட் டேபிள்ல கிரீன்விச் நேரம் போட்டிருக்கும், கோடைல நாம ஒரு மணி நேரம் கூட்டிக்கணும், சிலதுல கூட்டியே போட்டிருப்பாங்க. நான் மொத தடவை அதைக் கவனிக்காம ரொம்ப கெத்தா டேபிள் பாத்து கணக்குப் போட்டு சாண்டி ஹேவன் போயி நின்னா தண்ணி தொடை வரைக்கும். கரையில உக்காந்து மதியத்துக்கு வெச்சிருந்த புளி சாதத்த பத்தரை மணிக்கே காலி பண்ணினதுதான் மிச்சம். கடல் வத்திக்கிட்டு இருக்கறப்ப போனதால சாதத்தோட போச்சு, ஏறறப்ப போயிருந்தா நாலு மைல்.

செயின்ட் கோவன்ஸ் சாப்பல் (சின்ன சர்ச்) போயிட்டு அப்படியே கடலோரமா ஸ்டாக் ராக்ஸ் வரைக்கும் நடக்கலாமா? சிவப்புக் கொடி இருந்துச்சு, திரும்பி வந்துட்டோம்.

நல்ல வேலை பண்ணீங்க. அது காஸில்மார்ட்டின் ராணுவ பயிற்சி எடம், கொடி ஏறினா டாங்க் சுடறாங்கன்னு அர்த்தம், கெஞ்சினாலும் விட மாட்டாங்க. சுடற நேரத்த முன்னாடியே வெளியிடுவாங்க, சனி ஞாயிறு பெரும்பாலும் திறந்திருக்கும். திறந்த நாள்ல போனா கிரீன் பிரிட்ஜ்ங்கற பாறை வளைவு வரைக்கும் பாத்துடலாம், பாறை மேல கில்லிமாட் பறவைங்க வரிசையா நிக்கும். சாப்பலுக்கு இறங்கற படி எண்ணினீங்களா? இறங்கறப்ப ஒரு கணக்கு ஏறறப்ப ஒரு கணக்கு வரும்னு ஐதீகம். எனக்கு ரெண்டு தடவையும் தப்பாத்தான் வந்துச்சு, ஆனா அது மூச்சு வாங்கினதால.

பஃபின் பறவை பாக்க ஆகஸ்ட்ல பசங்களோட வர்றோம்…

ஐயோ, ஆகஸ்ட்ல ஸ்கோமர் தீவுல பஃபின் இருக்காது. ஏப்ரல்ல வரும், ஜூலை கடைசில எல்லாம் கடலுக்குப் போயிடும். ஸ்கூல் லீவு விட்டதும் அது கிளம்பிடுது, என்ன செய்ய. ஆகஸ்ட்லதான் வர முடியும்னா மாசக் கடைசிக்குத் தள்ளுங்க, சீல் (கடல்நாய்) குட்டி போட ஆரம்பிக்கும். மார்ட்டின்ஸ் ஹேவன் பக்கத்துல டியர் பார்க்னு ஒரு முனை (பேருதான் டியர், மான் கிடையாது), மேலேர்ந்து பைனாகுலர்ல பாத்தா கூழாங்கல்லு நடுவுல வெள்ளையா கிடக்கும். கீழ இறங்கிடாதீங்க, மனுசன பாத்து பயந்தா தாய் குட்டிய விட்டுட்டுப் போயிடும்.

வழி தப்பிடுமா? போர்டெல்லாம் வேல்ஷ் மொழில இருக்காமே.

கடல் ஒரே பக்கம் இருக்கற வரைக்கும் வழி தப்பறது கஷ்டம். ஓக் மரத்துக் கொட்டை படம் போட்ட குறி இருக்கும், அதைப் புடிச்சுட்டே போங்க. போர்டுல இங்கிலீஷும் இருக்கும். இருந்தாலும் ரெண்டு மூணு வார்த்தை தெரிஞ்சு வெச்சா நல்லது: பெரிகில்னா ஆபத்து, ட்ரைத்னா பீச், அபெர்னா ஆத்து வாய், அபெரெய்திங்கற ஊர் பேருல வர்றது அதான். போன் சிக்னல் நிறைய எடத்துல வராது, அதனால பேப்பர் மேப் வாங்குங்க, ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் ஓஎல் 35 வடக்குக்கு, ஓஎல் 36 தெக்குக்கு.

பாதைலயே டென்ட் போடலாமா?

நிலத்துக்காரங்க அனுமதி இல்லாம கூடாது. ஸ்காட்லாந்து சட்டம் வேற, இங்க வேற. கேம்ப்சைட் நிறைய இருக்கு.

தனியா ஒரு பொண்ணு நடக்கலாமா அக்கா? வீட்ல பயப்படறாங்க.

நான் பாதிக்கு மேல தனியாத்தான் நடந்தேன்மா. எதிர்ல வர்றவங்க ஒரு குட் மார்னிங் சொல்லிட்டு நாயோட போயிடுவாங்க. எனக்கு பயம் விளிம்பும் காத்தும்தான். புல்லு விளிம்பு வரைக்கும் பச்சையா இருக்கும், அடியில மண்ணு அரிச்சு வெறும் காத்துல தொங்கிட்டு இருக்கும், செல்ஃபிக்காக ஒரு அடி கூட கடல் பக்கம் வைக்காத. பலத்த காத்துன்னு வானிலை சொன்னா அன்னிக்கு போர்த்கெய்ன்ல உக்காந்து பழைய செங்கல் சூளையப் பாத்துக்கிட்டு சிப்ஸ் சாப்பிடு. எங்கேர்ந்து எங்க நடக்கறேன், எத்தன மணிக்குள்ள கூப்பிடுவேன்னு வீட்டுக்கு மெசேஜ் போட்டுட்டுக் கிளம்பு. ஏதாவது ஆச்சுன்னா 999 அடிச்சு ஆம்புலன்ஸ்னு கேக்காத, கோஸ்ட்கார்டுன்னு கேளு, கயிறு கட்டி இறங்கறவங்கள அவங்கதான் அனுப்புவாங்க. அப்புறம் அம்மாவுக்கு நாகப்பட்டினத்து அக்கா சொன்னாங்கன்னு சொல்லு, கொஞ்சம் தைரியம் வரும்.