எதுவும் நடக்காத நாவல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓர் உரையில் நீங்கள் ஆங்கில நாவலாசிரியை டோரதி ரிச்சர்ட்சனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அவருடைய ‘பாயிண்டட் ரூஃப்ஸ்’ வாங்கினேன். நூறு பக்கம் தாண்டிவிட்டேன். ஒரு பெண் பெட்டி கட்டுகிறாள், ஜெர்மனிக்குப் போகிறாள், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறாள், பியானோ கேட்கிறாள். எதுவுமே நடக்கவில்லை. மனத்தில் ஓடுவதை அப்படியே எழுதும் நனவோடை உத்தி என்றால் எனக்கு ஜாய்ஸும் வர்ஜீனியா வுல்ஃபும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே எழுதினார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் படிக்க வேண்டுமா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

இதில் மன்னிப்புக்கு என்ன இருக்கிறது? நூறு பக்கம் படித்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்.

‘எதுவும் நடக்கவில்லை’ என்பதை உங்களுக்கு முன்பே ஒருவர் அச்சில் எழுதியிருக்கிறார். 1918 ஏப்ரலில் ‘தி ஈகோயிஸ்ட்’ இதழில் மே சின்க்ளேர் என்ற நாவலாசிரியை ‘பாயிண்டட் ரூஃப்ஸ்’ தொடங்கி வைக்கும் ரிச்சர்ட்சனின் தொடர்நாவலின் முதல் மூன்று புத்தகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இதில் நாடகம் இல்லை, எதுவும் நடப்பதில்லை, வாழ்க்கை போய்க்கொண்டே இருக்கிறது என்கிறார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். வில்லியம் ஜேம்ஸ் உளவியலில் புழங்கிய ஒரு சொல்லை அங்கே நாவலுக்கு எடுத்து வந்தார். அதைத்தான் தமிழில் நனவோடை என்கிறோம். ரிச்சர்ட்சனுக்கு அந்தச் சொல் கடைசிவரை பிடிக்கவில்லை. ஓடை ஓடிப் போய்விடும், மனம் அப்படி இல்லை, அது குளம், கடல் என்பது அவருடைய கட்சி. எனக்கும் அவர் சொல்வதே சரி என்று படுகிறது.

முன்பே எழுதினார் என்பதற்காக யாரையும் படிக்க வேண்டாம். ‘பாயிண்டட் ரூஃப்ஸ்’ 1915இல் வந்தது, ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ 1922இல். இந்த ஆண்டுக்கணக்கு தேர்வுத்தாளுக்கு உதவும். நான் அவரைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1873இல் இங்கிலாந்தின் அபிங்டனில் பிறந்தார். நான்கு பெண்களில் மூன்றாமவர். அப்பா மளிகை வியாபாரக் குடும்பம். கடையை விற்றுவிட்டுக் கனவானாக வாழ ஆசைப்பட்டு, கடைசியில் 1893இல் திவாலானார். குடும்பம் நொடித்துக்கொண்டிருந்தபோதே, பதினேழு வயதில் டோரதி ஹானோவரில் ஒரு பள்ளிக்கு ஆசிரியையாகப் போனார். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தக் கதைதான். மிரியம் ஹெண்டர்சன் என்ற பெயரில் எழுதுகிறாரே தவிர, வாழ்க்கை அவருடையது.

1895 நவம்பரில் அம்மாவை உடல்தேறக் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸுக்கு அழைத்துப் போனார். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, மனம் தளர்ந்திருந்தது. மகள் சற்று நேரம் வெளியே போயிருந்தபோது அம்மா தற்கொலை செய்துகொண்டார். டோரதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

இதை அவர் எழுதியது 1917இல் வந்த ‘ஹனிகோம்ப்’ என்ற மூன்றாம் புத்தகத்தில். கடைசி அத்தியாயத்தில் அம்மாவும் மகளும் ஒரு கடற்கரை விடுதியில் இருக்கிறார்கள். இரவுகள் நீள்கின்றன. பிறகு ஓர் இடைவெளி. அடுத்த பத்தியில், எலும்பு துருத்திய ஒரு கிழவி மிரியமைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உயிரோடு இருக்கும்வரை உன்னை நீயே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறாள். என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. மேசைமேல் ஒரு தட்டு, அதில் மீனும் பழமும். மிரியமுக்குப் பார்த்ததும் குமட்டுகிறது. மறுபடி பார்க்கிறாள். அடுத்த வாக்கியம்: எனக்குப் பசிக்கிறது. சாப்பிட வேண்டும், சாகும்வரை இப்படியே தட்டுத் தட்டாகச் சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும் என்று நினைக்கிறாள்.

‘அவள்’ என்று போய்க்கொண்டிருந்த நடை அந்தப் பசியில் ‘நான்’ என்று மாறுகிறது. மேற்கோள் குறி இல்லை, ‘என்று நினைத்தாள்’ இல்லை. அந்தப் பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்க்க ஒருமுறை உட்கார்ந்தேன். இந்த இடத்தில் நின்றுவிட்டேன். நம் மொழியில் ‘பசிக்கிறது’ என்றால் போதும், யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அந்த மாற்றம் தமிழில் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. ‘எனக்கு’ என்று சேர்த்தால் அழுத்தம் கூடிவிடுகிறது, விட்டால் அவளுடைய பசியா பொதுவான பசியா என்று தெரியவில்லை. இன்றுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை.

இது உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை, எம். தாயைப் பறிகொடுத்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பசி எடுத்தவர்களுக்கு அந்த வெட்கம் தெரியும். வெளியிலிருந்து சொல்கிற கதைசொல்லியால் அந்தப் பசியைச் சொல்ல முடியாது. அவன் துக்கத்தைச் சொல்வான். தனக்குப் பசித்தது என்று தனக்குள் இருப்பவள்தான் சொல்ல முடியும்.

அம்மா போன மறு ஆண்டு டோரதி லண்டனின் புளூம்ஸ்பெரி பகுதியில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தார். ஹார்லி தெருவில் பல் மருத்துவர்களிடம் உதவியாளர் வேலை, வாரத்துக்கு ஒரு பவுண்டு சம்பளம். கருவிகளைக் கழுவி வைப்பது, கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது. 1919இல் வந்த ‘தி டனல்’ என்ற நான்காம் புத்தகத்தில் இந்த வேலையின் ஒரே ஒரு நாளுக்கு ஒரு நீண்ட அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சாதாரண நாளை அதற்கு முன் யார் இவ்வளவு மதித்து எழுதினார்கள்? எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை.

அதே புத்தகத்தில் மிரியம் ஒரு தெருவில் வேகமாக நடந்துபோகிறாள். திடீரென்று ஒரு மங்கிய சிறிய கடை. மேலே கரிபடிந்த, முறுக்கிய எழுத்துகளில் டீட்ஜன் தேயிலை என்று ஒரு பலகை. இந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம் இந்தப் பலகை இருப்பதை மறந்தே வருகிறாள். கண்ணில் பட்டதும் கால் தடுமாறுகிறது, அம்மா வந்துவிடுகிறார். முந்தைய புத்தகத்தில் சொல்லாமல் விட்டது இங்கே வந்து அடிக்கிறது. அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர் இந்த இடத்தைச் சும்மா கடந்துபோவார். பல நூறு பக்கம் அவளோடு இருந்தவருக்கு அந்தக் கடைப் பலகை போதும்.

நடுவில் எவ்வளவோ இருக்கின்றன. பள்ளித் தோழியின் கணவர் எச்.ஜி.வெல்ஸ், அவரோடு உறவு, 1907இல் கரு கலைந்தது. பிறகு சசெக்ஸில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோடு வாழ்ந்தார். 1917இல் தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஓவியர் ஆலன் ஓடிலைத் திருமணம் செய்துகொண்டார். காசநோயாளி, நெடுநாள் தாங்கமாட்டார் என்றார்கள். ஆலன் 1948வரை இருந்தார். குளிர்காலம் கார்ன்வாலில், கோடை லண்டனில், பத்திரிகை எழுத்தும் மொழிபெயர்ப்புமாகக் கூலிக்கு எழுதிக்கொண்டே பிழைத்தார்கள். நாவல் அதற்கு நடுவில்தான் வளர்ந்தது. ‘பில்கிரிமேஜ்’ என்பது மொத்தத்தின் பெயர். 1938இல் பன்னிரண்டு பகுதிகளை நான்கு தொகுதிகளாகப் போட்டார்கள், அதோடு முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்தார். 1957இல் அவர் இறந்து பத்தாண்டு கழித்துப் பதின்மூன்றாம் பகுதி வெளிவந்தது.

வர்ஜீனியா வுல்ஃபைச் சொன்னீர்கள். 1923இல் ரிச்சர்ட்சனின் நாவலில் ஒரு பகுதிக்கு மதிப்புரை எழுதும்போது, பெண்பாலின் உளவியல் வாக்கியம் என்று சொல்லத்தக்க ஒன்றை இவர் உருவாக்கியிருக்கிறார் என்றார் வுல்ஃப். வுல்ஃபின் ‘மிஸஸ் டாலவே’ அதற்கு இரண்டு ஆண்டு பின்னால் வந்தது. இருவரையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். ரிச்சர்ட்சனிடம் வுல்ஃபின் அழகு இல்லை. சில பகுதிகள் இழுவை, மிரியமின் இனவாதப் பேச்சுகள் சில இடங்களில் எரிச்சலூட்டும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நீங்கள் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் கணப்பு நெருப்பின் வெளிச்சத்தில் புதிய பெட்டி பளபளத்துக்கொண்டு நிற்கிறதல்லவா? வீட்டில் பணம் இல்லாததால் வேலைக்குப் போக வாங்கிய பெட்டி அது. அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். பிறகு ‘பேக்வாட்டர்’, அதன்பின் ‘ஹனிகோம்ப்’. அவசரமே இல்லை, நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். அந்த மீன் தட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ‘எனக்கு’ என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று உங்களிடம் கேட்க வேண்டும்.

அன்புடன்