கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன்

டர்பன் நகர் சாட்ஸ்வொர்த் அண்ணனுக்கு வணக்கம். 60 வரிசை லேண்ட் குரூசர், 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 31 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டபின் நூறு கிலோமீட்டருக்கு 22.5 லிட்டர் குடிக்கிறது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை மாற்றலாமா என்கிறீர்கள். பொறுங்கள், காசை வெளியே எடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மீட்டர் பழைய டயருக்குச் சரியாக இருந்ததென்றால், இப்போது அது 400 காட்டும்போது வண்டி 425 ஓடியிருக்கும். அந்த 400-க்கு உங்கள் கணக்கில் வரும் 90 லிட்டரை 425-க்கு வகுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 21 சொச்சம்தான். அதுவும் அதிகம்தான், ஆனால் இரண்டு டன் இரும்புக்கு 17, 18 வந்தாலே கும்பிடு போடலாம்.

அப்புறம் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, சோக் குமிழை (குளிரில் கிளப்பக் காற்றைக் குறைக்க இழுப்பது) முழுக்க உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கேபிள் இறுகியிருக்கிறது; திருடன் அங்கேதான். ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களருகே கை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் விடவில்லை.

ஜோகன்னஸ்பர்க் போனால் கறுப்புப் புகை என்றீர்களே, அது வேறு கதை. அங்கே உயரம் 1,700 மீட்டருக்கு மேல், காற்று மெலிசு; கடலோர டர்பனுக்கு ஏற்ற ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) வைத்த கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகத்தான் ஊற்றும். அதற்காக ஜெட்டைச் சின்னதாக்கிவிடாதீர்கள், கீழே இறங்கியதும் எஞ்சின் சூடாகும்.