சமையலறைக் கேள்வி–பதில்: வெளிர் நிற சோயா சாஸில் உப்புக் குறைவா?

கேள்வி: ஜப்பானிய சோயா சாஸில் வெளிர் நிறமுள்ள 'உசுகுச்சி' வகையை, உப்புக் குறைந்தது என்று எண்ணி வாங்கினேன். கரிய சாஸுக்குப் பதிலாக அதே அளவு ஊற்றியதில் உடோன் நூடுல்ஸின் சாறு கரித்துவிட்டது. ஏன்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நிறத்தை வைத்து உப்பை மதிப்பிட முடியாது. ஜப்பானில் தயாராகும் சோயா சாஸில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 'கொய்குச்சி' எனும் கரிய வகைதான். அதில் உப்பு ஏறத்தாழ 16 சதவீதம் இருக்க, உசுகுச்சியில் அது 18 சதவீதத்தை எட்டிவிடுகிறது. சோயாவையும் வறுத்த கோதுமையையும் கோஜி பூஞ்சையால் பக்குவப்படுத்தி, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊற வைத்துப் புளிக்கச் செய்யும்போது நிறம் கருத்துக்கொண்டே போகும். அதை மட்டுப்படுத்தவே உப்பைக் கூட்டிப் புளிக்கும் வேகத்தைத் தணிக்கிறார்கள். இவ்வகைக்குப் பேர்போன ஊர் ஹியோகோ மாநிலத்தின் தட்சுனோ. அங்கு ஓடும் இபோ ஆற்றின் நீரில் இரும்பு குறைவு. இரும்பு மிகுந்தால் சாஸ் கருத்துவிடும் என்பதால் அந்த நீரே அவ்வூர்த் தொழிலுக்குத் துணை நின்றது.

கியோட்டோ, ஒசாகா பக்கத்துச் சமையலில் காய்கறியின் நிறம் மங்கக்கூடாது. 'கொம்பு' எனும் கடற்பாசியும் உலர்ந்த கட்சுவோ மீன் சீவலும் இட்டு எடுத்த 'டாஷி' சாற்றின் மணமும் அமுங்கக்கூடாது. அதற்காகவே உசுகுச்சியை அளந்து, குறைவாக ஊற்றுகிறார்கள். நீங்கள் முதலில் பாதியளவு ஊற்றி, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். உப்பைக் குறைப்பதே நோக்கமென்றால் 'கெனென்' வகையைத் தேடுங்கள். வழக்கம்போல் புளிக்க வைத்த சாஸிலிருந்து உப்பை ஓரளவு நீக்கி அதைத் தயாரிப்பது வழக்கம். உண்மையில் பலருக்கும் அது தேவைப்படாது. நல்ல கொய்குச்சியைச் சொட்டுச் சொட்டாகப் பயன்படுத்தினாலே போதும் என்பது என் எண்ணம்.

கேள்வி: சாஸை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது சரி?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஜப்பானியர் சர்க்கரை, உப்பு, வினிகர், சோயா சாஸ், மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) என்ற வரிசையைப் பின்பற்றுவர். சர்க்கரை மெதுவாக ஊறுவதால் அது முதலில். கொதியில் மணம் பறந்துவிடும் என்பதால் சாஸும் மிசோவும் கடைசியில். நெடுநேரம் வேகும் கிழங்குக்குச் சாஸில் பெரும்பகுதியை முன்பே சேர்த்து, மீதியை அடுப்பை அணைக்கும் தறுவாயில் ஊற்றினால், சுவை உள்ளே இறங்குவதோடு மணமும் தங்கும். சாஸ் பூசிச் சுடும் 'தெரியாக்கி' மட்டும் இதற்கு விலக்கு: அதில் சாஸும் சர்க்கரையும் 'மிரின்' எனும் இனிப்பு அரிசி மதுவும் சூட்டில் சுண்டி, லேசாகக் கருகி எழும் வாசனையே வேண்டப்படுவது.

கேள்வி: கோதுமை ஒவ்வாதவர்கள் 'தமாரி' சாஸை உண்ணலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஐச்சி, மியே, கிஃபு பகுதிகளின் தமாரி பெரும்பாலும் சோயாவாலேயே ஆனது, கெட்டியாக, சுவை செறிந்து இருக்கும். ஆயினும் சில தமாரிகளில் சிறிதளவு கோதுமை சேர்ப்பதுண்டு. ஆகவே புட்டியின் பின்புறத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். ஐச்சியிலேயே தயாராகும் வெள்ளைச் சாஸான 'ஷிரோ', பெரும்பகுதி கோதுமையாலானது. அதை நீங்கள் அறவே தவிர்க்க வேண்டும்.