சொந்தக் காரணங்களுக்காக

கேள்வி: பணியிடத் துன்புறுத்தல் பற்றிய உலகக் கணக்கெடுப்பில் அமெரிக்கக் கண்டங்களில் நூற்றுக்கு 34 பேர் பாதிக்கப்பட்டதாகவும், அரபு நாடுகளில் 14 பேர்கூட இல்லை என்றும் வந்திருக்கிறது. சுதந்திரம் மிகுந்த இடத்தில்தான் பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்பது இதிலிருந்து தெரியவில்லையா? நான் நிர்வகிக்கும் அலுவலகத்தில் பத்து ஆண்டுகளாக ஒரு பாலியல் புகார்கூட வந்ததில்லை. கட்டுப்பாடு இருந்தால் தொல்லை இருக்காது என்பதை ஒப்புக்கொள்ள உங்கள் பத்திரிகை ஏன் மறுக்கிறது?
– ஒரு வாசகர்

பதில்: எனக்கு அப்படித் தெரியவில்லை. முதலில் எண்ணை ஒழுங்காகப் படித்துவிடுவோம். நீங்கள் குறிப்பிடுவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு வேறு இரண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து 2021-இல் 121 நாடுகளில் எடுத்து, 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு. அதில் வரும் 34.3, 13.6 இரண்டுமே அடி உதை, மனத்தை நோகடிப்பது, பாலியல் தொல்லை ஆகிய மூன்றையும் சேர்த்த கணக்கு. ஆணையும் பெண்ணையும் சேர்த்த கணக்கு. பாலியல் தொல்லையை மட்டும் பிரித்தெடுத்தால் உலக அளவில் பெண்களில் 8.2 விழுக்காடு, ஆண்களில் 5 விழுக்காடு.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர்தான் நடந்ததை வேறொருவரிடம் வாய் திறந்து சொன்னவர்கள். அவர்களிலும் அலுவலகத்தில் முறையாகச் சொன்னவர்களைவிட நண்பரிடமோ வீட்டாரிடமோ சொன்னவர்கள் அதிகம். சொல்லாதவர்கள் காட்டிய காரணங்களில் முதன்மையானவை இரண்டு: சொல்லி ஒரு பயனும் இல்லை, பெயர் கெட்டுப்போகும்.

கண்டத்துக்குக் கண்டம் ஒப்பிடுகிறீர்கள். ஒரே கண்டத்துக்குள்ளேயே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் பேசி 2014-இல் ஓர் அறிக்கை தந்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் ஸ்வீடனில் 81 விழுக்காடு, பல்கேரியாவில் 24. வீதி, பஸ், அலுவலகம் எல்லாம் அடங்கிய எண் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொல்லைக்கு ஆளானவர்களில் மூன்றில் ஒருவர்தான் மேலதிகாரி, சக ஊழியர், வாடிக்கையாளர் என்று வேலை தொடர்பான ஆளைக் குறிப்பிட்டார்.

நாட்டுப் பெயர்களை மறந்துவிட்டு அதே அறிக்கையில் தொழில்வாரியாகப் பிரித்த பக்கத்தைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. உயர் நிர்வாகப் பதவியில் இருக்கும் பெண்களில் 75 விழுக்காட்டினர் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொழில் தேர்ச்சி பெற்ற உடலுழைப்புப் பெண்களில் 44 விழுக்காட்டினர். மேலாளர் நாற்காலியில் இருப்பவர் ஆண்கள் நிறைந்த அறைகளில் அதிக நேரம் இருக்கிறார், வெளியூர்ப் பயணம் போகிறார் என்பது உண்மை. ஆனால் இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணை எல்லாரும் மரியாதையாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நடந்ததை இன்னது என்று பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவரும், அப்படி அழைத்தால் மறுநாள் அடுப்பு அணைந்துவிடாது என்ற தைரியம் உள்ளவரும் அந்த நாற்காலியில் இருப்பவர்தான்.

பெயர் சொல்லி அழைப்பது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையத்தின் 2016 அறிக்கை, அங்கே நடந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. 'பாலியல் தொல்லைக்கு ஆளானதுண்டா?' என்று மொத்தமாகக் கேட்டபோது பெண்களில் 25 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். விரும்பாமலே தொடுவது, உறவுக்கு வற்புறுத்துவது என்று செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டபோது அது 40 ஆனது. ஒரே நாடுதான், கேள்வி மட்டும்தான் மாறியது. அப்படியிருக்க, பல மொழிகளில் பல விதமாகப் புரிந்துகொள்ளப்படும் ஒரு கேள்வியை வைத்து எந்த மண் ஒழுக்கமானது என்று நீங்கள் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

கார்மிட்டா வுட் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் நிர்வாக வேலை பார்த்தவர். மேலே இருந்த விஞ்ஞானியின் தொல்லை தாங்காமல் கழுத்தும் கையும் வலி கண்டு, வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டும் கிடைக்காமல், 1974-இல் வேலையை விட்டார். வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஒரு கட்டம்: வேலையை விட்ட காரணம் என்ன? தனக்கு நடந்ததற்கு அன்று ஒரு சொல்லே அவரிடம் இல்லை. அதிகாரி துருவிக் கேட்க, 'சொந்தக் காரணங்கள்' என்றார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறு ஆண்டு அவருக்காகக் கூடிய பெண்கள் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுத்த பெயரைத்தான் இன்று நாம் 'பாலியல் துன்புறுத்தல்' என்று தமிழில் வழங்குகிறோம். அந்தப் பெயரே இல்லாத 1974-இல் அந்தப் பெயரில் ஒரு புகாரும் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்க முடியாது; உங்கள் அலுவலகத்தைப் போலவே பூஜ்யம்.

பிறகு அனிதா ஹில் என்ற சட்டப் பேராசிரியர் வந்தார்; அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்ட தன் பழைய மேலதிகாரி கிளாரன்ஸ் தாமஸ் தனக்குத் தொல்லை கொடுத்ததாகச் சொன்னவர். 1991 அக்டோபரில் செனட் குழுவின் முன் அவர் சொன்ன சாட்சியத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஆண்டு முன்பு சொன்ன சமவாய்ப்பு ஆணையத்துக்கு வந்த பாலியல் தொல்லைப் புகார்கள் சுமார் 6,000. 1996-இல் 15,000-ஐத் தாண்டின. ஐந்து ஆண்டுகளில் ஆண்கள் இரண்டரை மடங்கு கெட்டுப்போகவில்லை. ஒருத்தி பேசியதைப் பார்த்து மற்றவர்கள் பேசினார்கள்.

சட்டங்கள் வைக்கும் கெடுவையும் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், புகாரை விசாரிக்கும் குழு மனம் வைத்தால் இன்னும் மூன்று மாதம். அமெரிக்காவில் 180 நாள், பல மாநிலங்களில் 300. ஆஸ்திரேலியாவில் 24 மாதம். நடுக்கம் அடங்கவே ஆறு மாதம் ஆகும் ஒருவருக்கு ஓரிடத்தில் கதவு சாத்தியிருக்கும், மற்றோரிடத்தில் திறந்திருக்கும். அவ்வளவு அவகாசம் தரும் ஆஸ்திரேலியாவிலேயே 2022 ஆய்வின்படி முறையாகப் புகார் கொடுத்தவர்கள் 18 விழுக்காட்டினர்தான்.

அரபு நாடுகளைச் சொன்னீர்கள். அங்கே பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் வேலைக்கு வருகிறார். அலுவலக வாசலையே மிதிக்காதவருக்கு அலுவலகத்தில் என்ன நடந்தது என்று கேட்க முடியாது. வீட்டு வேலை செய்வோர் உலகில் 7.5 கோடிக்கு மேல். அவர்களில் நான்கில் மூவர் பெண்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் எந்தத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பிலும் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் வேலை பார்ப்பவர் யாரிடம் புகார் கொடுப்பார், முதலாளியிடமா?

வட்டாரத்துக்கு வட்டாரம் தெரியும் வித்தியாசம் முழுவதும் மௌனத்தால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லவில்லை. தொழில், குடிப்பழக்கம், இரவுப்பணி, கூட்டாளிகள் இல்லாத தனிமை எல்லாம் உண்மையிலேயே இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனால் புகார்க் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எது நடந்தது, எது மறைந்தது என்று பிரிக்க முடியாது.

இனி உங்கள் அலுவலகம். ஒரு நிறுவனத்தில் புகார்ப் பெட்டியை நானே பார்த்திருக்கிறேன். மேலாளர் அறைக்கு நேர் எதிரே, கேமராவுக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். பூட்டில் துரு. சாவி யாரிடம் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் பேசாமல் மேலாளர் அறையைக் கையால் காட்டினார். அங்கேயும் பூஜ்யம்தான்.

உங்கள் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். விசாரணைக் குழுவில் யார் யார் என்று ஊழியர்களில் பத்துப் பேரிடம் கேளுங்கள். பிறகு, அறையைச் சாத்திக்கொண்டு, இந்தப் பத்து ஆண்டுகளில் வேலையை விட்டுப் போன பெண்களின் ராஜினாமாக் கடிதங்களை ஒன்றுவிடாமல் எடுத்துப் படியுங்கள். எத்தனை கடிதங்களில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதியிருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.